களைக்கொல்லியும் அதற்கு அஞ்சாத பயிரும்

களை என்று தாவர நூலில் தனியாக ஒரு குலம் கிடையாது. உழவன் விரும்பாத இடத்தில் முளைத்த செடி எதுவாயினும் அது களையே. நெல் வயலில் தானாக முளைத்த கேழ்வரகு களை. கேழ்வரகுக் கொல்லையில் முளைத்த நெல்லும் களை. குற்றம் செடியினுடையதன்று, இடத்தினுடையது. ஆயினும் பயிருக்குரிய நீரிலும் உரத்திலும் வெயிலிலும் அது பங்கு கேட்பதால், பயிர்த்தொழில் தோன்றிய நாள் முதலாக மனிதன் அதனுடன் போராடி வருகிறான். இப்போராட்டத்தில் மிகப் பழைய கருவி கை, அடுத்தது களைக்கொட்டு. மூன்றாவதாக வந்தது இரசாயனம். நான்காவதாக, பயிரின் பரம்பரைக் குணத்தையே மாற்றி அமைக்கும் வித்தை நம் காலத்தில் வந்திருக்கிறது. பின்னவை இரண்டும் ஒன்றோடொன்று எவ்வாறு பிணைந்துள்ளன, அப்பிணைப்பினால் விளையக்கூடிய நன்மை தீமைகள் யாவை என்பவற்றை இங்கே ஆராய்வோம்.

இப்பொருளை மனத்தில் பதிய வைத்துக்கொள்ள ஓர் இடம் வேண்டும். சூரியநெல்லியை எடுத்துக்கொள்வோம். இது இடுக்கி மாவட்டத்தில், மூணாற்றுக்குக் கிழக்கே, தமிழகத்து எல்லையை ஒட்டிய மலைச்சரிவில் அமைந்த ஊர். தேனி மாவட்டத்தைச் சேர்ந்த கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டத்துக்கு ஜீப்பில் ஏறிச் செல்வோர் இங்கிருந்துதான் புறப்படுவர். சுற்றிலும் தேயிலை, நிழல் அடர்ந்த பள்ளங்களில் ஏலம். மண் கேரளத்து மண். ஆனால் லயங்களில் கேட்கும் மொழி பெரும்பாலும் தமிழ். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி தொட்டுத் தமிழ் மாவட்டங்களிலிருந்து மலையேறிய தொழிலாளரின் பரம்பரையினரே இத்தோட்டங்களில் பெரும்பகுதி கொழுந்து பறித்து வந்திருக்கின்றனர்.

தேயிலைத் தோட்டத்தில் களை எப்பொழுது பெருகும்? செடிகள் நன்கு வளர்ந்து, ஒன்றோடொன்று தழுவிப் பச்சைக் கம்பளம் விரித்தாற்போல் நிற்கும் காலத்தில் அடிமண்ணுக்கு வெயில் எட்டாது. களையும் அவ்வளவாக முளைக்காது. சில ஆண்டுகளுக்கு ஒரு முறை கவாத்து வெட்டும்போது அக்கூரை நீங்கிவிடுகிறது. மழையும் வெயிலும் மண்ணைத் தொட்டவுடன், அதுகாறும் உறங்கிக் கிடந்த விதைகளும் கிழங்குகளும் விழித்துக்கொள்கின்றன. புதிதாக நட்ட இளஞ்செடிகளுக்கு இடையிலும் இதே தொல்லை. சரிவான நிலத்தில் மண்வெட்டியால் கொத்திக் களை நீக்கினால் அடுத்த மழையில் மேல்மண் அடித்துச் செல்லப்படும். கையால் பறிக்கவோ, கத்தியால் புல் வெட்டவோ ஆள்பலம் வேண்டும். ஆளோ நாளுக்கு நாள் குறைந்து வருகிறது. ஆகவேதான் தோட்டங்கள் களைக்கொல்லியை நாடின. நம் நாட்டில் கிளைபோசேட் என்னும் களைக்கொல்லி சட்டப்படி பதிவு பெற்றிருப்பதும் தேயிலைத் தோட்டங்களுக்கும் பயிரிடாத தரைகளுக்குமே என்பது கவனிக்கத்தக்கது.

இந்தக் கிளைபோசேட் என்பது யாது? 1950-ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்து நாட்டு மருந்துக் கம்பெனி ஒன்றில் ஆன்றி மார்ட்டின் என்ற இரசாயன நிபுணர் இதனை முதன்முதலில் ஆக்கினார். மருந்தாக இதற்கு உபயோகம் எதுவும் தோன்றாமையால் அது மறக்கப்பட்டது. இருபது ஆண்டுகள் கழித்து, 1970-இல், அமெரிக்காவின் மொன்சான்டோ கம்பெனியைச் சேர்ந்த ஜான் ஃபிரான்ஸ் என்பவர் இதற்குச் செடிகளைக் கொல்லும் ஆற்றல் உண்டென்று கண்டார். 1974-இல் ‘ரவுண்டப்’ என்ற பெயருடன் அது சந்தைக்கு வந்தது. கிளைசின் என்பது நம் உடலிலும் உணவிலும் உள்ள மிக எளிய அமினோ அமிலம். அதனுடன் பாஸ்பரஸ் அடங்கிய ஒரு சிறு பகுதி இணைந்ததே இச்சேர்மம். நீரில் எளிதில் கரையும். இலையின்மேல் பட்டால் உள்ளே ஊறி, செடி தன் உணவை எடுத்துச் செல்லும் குழாய்களின் வழியே வேர்நுனி வரை இறங்கும். அதனால்தான், மேலே வெட்டினாலும் அடியிலிருந்து துளிர்க்கும் தருப்பை போன்ற புற்களையும் இது வேரோடு அழிக்கிறது. தெளித்த அன்றே செடி வாடுவதில்லை. ஒரு வாரமோ இரு வாரமோ சென்ற பின்னரே மஞ்சளித்துக் காய்கிறது.

அது செடியைக் கொல்லும் விதம் வியப்புக்குரியது. புரதங்களை ஆக்குவதற்கு உயிர்களுக்கு இருபது வகை அமினோ அமிலங்கள் வேண்டும். அவற்றுள் ஃபினைல் அலனின், டைரோசின், டிரிப்டோபான் என்னும் மூன்றையும் தாவரங்கள் ஷிகிமிக் அமிலம் என்ற பொருளின் வழியாக ஆக்கிக்கொள்கின்றன. ஜப்பானியர் ‘ஷிகிமி’ என்று அழைக்கும் மரத்திலிருந்து 1885-இல் முதன்முதலாகப் பிரித்தெடுக்கப்பட்டமையால் அதற்கு இப்பெயர். இப்பாதையில் பல படிகள் உண்டு. ஒவ்வொரு படியிலும் ஒரு நொதி காவல் நிற்கிறது. ஈ.பி.எஸ்.பி. சிந்தேஸ் என்பது அவற்றுள் ஒன்று. ஒரு மூலக்கூற்றை ஏந்திக்கொண்டு, பக்கத்திலுள்ள பள்ளத்தில் மற்றொரு சிறு மூலக்கூறு வந்து அமர்ந்ததும் இரண்டையும் இணைப்பது அதன் வேலை. கிளைபோசேட் அந்தச் சிறு மூலக்கூற்றின் ஆசனத்தில் தான் வந்து அமர்ந்துகொள்கிறது. நொதி செயலற்றுப் போகிறது. மூன்று அமினோ அமிலங்களும் கிடைக்காமல் செடி பட்டினியால் மடிகிறது. இந்த இரகசியத்தை 1980-இல் ஜெர்மானிய ஆராய்ச்சியாளர்களான ஸ்டைன்ரூக்கன், அம்ரைன் ஆகிய இருவர் வெளியிட்டனர். மனிதருக்கும் விலங்குகளுக்கும் இந்தப் பாதையே கிடையாது. இம்மூன்றனுள் உடலுக்கு வேண்டியவற்றை நாம் உணவிலிருந்து பெறுகிறோம். களைக்கொல்லிகளுள் இது தீங்கு குறைந்தது என்று கருதப்பட்டதற்கு இதுவே முதற்காரணம்.

ஆனால் இந்த மருந்துக்குக் களை எது, பயிர் எது என்ற பேதம் தெரியாது. பச்சையாக உள்ளவற்றை எல்லாம் அது தாக்கும். சூரியநெல்லிச் சரிவில் தேயிலை பிழைப்பது மருந்தின் கருணையால் அன்று. மருந்தடிக்கும் தொழிலாளியின் கைப்பக்குவத்தால். குழாயின் வாயைத் தாழ்த்தி, காற்று அடங்கிய வேளை பார்த்து, செடியின் இலையில் துளி படாதவாறு வரிசைகளுக்கு இடையே தெளிக்க வேண்டும். தவறிப் பட்டுவிட்டால் புதுக்கொழுந்து மஞ்சளித்துக் குறுகிச் சூம்பிவிடும். தேயிலை பல்லாண்டு நிற்கும் செடி. வரிசையும் இடைவெளியும் நிலையாக உண்டு. பருத்தியிலும் சோயா மொச்சையிலும் இவ்வாறு ஒதுக்கித் தெளிப்பது கடினம். ‘பயிரின் மேலேயே தெளித்தாலும் களை மட்டும் சாக வேண்டும், அதற்கு வழி உண்டா?’ என்று விஞ்ஞானிகள் கேட்டனர்.

விடை கிடைத்த இடம் ஒரு தொழிற்சாலையின் கழிவுநீர். அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் கிளைபோசேட் தயாரிக்கும் ஆலையின் கழிவில் ஒரு பாக்டீரியா உயிருடன் வாழ்ந்துகொண்டிருந்தது. அதனிடமும் அதே வேலையைச் செய்யும் நொதி உண்டு. ஆனால் அதன் பள்ளத்தில் கிளைசின் இருக்க வேண்டிய ஓரிடத்தில், அதனினும் சற்றே பருத்த அலனின் என்னும் அமினோ அமிலம் இருந்தது. அதனால் பள்ளம் மயிரிழையளவு குறுகியது. உரிய மூலக்கூறு அமர இடமுண்டு. கிளைபோசேட் அமர இடமில்லை. சி.பி.4 என்று பெயரிடப்பட்ட அந்த நொதிக்குரிய மரபணுவை எடுத்து, அது செடியின் உள்ளே இயங்குவதற்கு வேண்டிய தொடக்கப் பகுதியையும் பசுங்கணிகத்துக்கு வழிகாட்டும் பகுதியையும் சேர்த்து, சோயா மொச்சையின் உயிரணுவில் செலுத்தினர். 1996-இல் அவ்விதை அமெரிக்க வயல்களில் விதைக்கப்பட்டது. மேலிருந்து மருந்து பொழிய, களை கருகியது. பயிர் பசுமையாக நின்றது.

இரண்டாவது உபாயம் ஒன்றும் உண்டு. முதலாவதில் பயிர் நஞ்சை ஏற்க மறுக்கிறது. இரண்டாவதில் நஞ்சை ஏற்று அதனைச் செயலற்றதாக்குகிறது. குளூபோசினேட் என்பது வேறொரு களைக்கொல்லி. செடியில் அம்மோனியாவை அடக்கிப் பயன்படுத்தும் நொதியை அது முடக்குகிறது. அம்மோனியா பெருகிச் செடி சாகிறது. இந்நஞ்சின் மூலப்பொருளை இயற்கையில் உண்டாக்குவது ஸ்ட்ரெப்டோமைசிஸ் இனத்தைச் சேர்ந்த மண்வாழ் பாக்டீரியா. தான் ஆக்கும் நஞ்சினால் தானே மடியாமல் இருக்க, அதனிடம் ‘பார்’ என்னும் மரபணு உண்டு. அது ஆக்கும் நொதி, நஞ்சின்மேல் அசெட்டைல் என்ற சிறு மூடியை இட்டு அதனைப் பயனற்றதாக்கிவிடும். பாம்புக்குத் தன் விஷம் ஏறாதது போன்றது இது.

இந்தப் ‘பார்’ மரபணுதான் நம் நாட்டின் நீதிமன்றம் வரை வந்தது. டில்லிப் பல்கலைக்கழகத்தில் தீபக் பென்டல் தலைமையில் உருவாக்கப்பட்ட டி.எம்.எச். 11 என்ற கலப்பினக் கடுகில் அது உள்ளது. கடுகுப் பூ பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே கருவுறும். கலப்பு விதை வேண்டுமானால் ஒரு பெற்றோரின் மகரந்தத்தை முடக்க வேண்டும். அதற்கு ஒரு மரபணுவும், அம்முடக்கத்தைப் பின்னர் நீக்க மற்றொன்றும் சேர்க்கப்பட்டன. மாற்றம் பெற்ற செடிகளைத் தெரிந்தெடுக்கத் துணையாகப் ‘பார்’ அமைந்தது. 2022 அக்டோபரில் மத்திய அரசாங்கத்தின் மதிப்பீட்டுக் குழுவின் பரிந்துரைப்படி, இக்கடுகைச் சுற்றுச்சூழலில் விடுவதற்கு அனுமதி அளிக்கப்பட்டது. களைக்கொல்லியை விதை உற்பத்திக்கு மட்டுமே உபயோகிக்கலாம், உழவர் வயலில் உபயோகிக்கலாகாது என்ற நிபந்தனையும் விதிக்கப்பட்டது. 2024 ஜூலை 23-ஆம் நாள் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகளும் இவ்வனுமதி பற்றி மாறுபட்ட தீர்ப்புகளை வழங்கினர். இதற்கு முன்பே, 2013-இல், அதே நீதிமன்றம் நியமித்த நிபுணர் குழுவின் பெரும்பான்மையோர், களைக்கொல்லி தாங்கும் பயிர்கள் இந்தியச் சூழலுக்குப் பொருந்தா என்று அறிக்கை அளித்திருந்தனர்.

நீதிமன்றத்தில் வழக்கு நடக்கையில் வயலில் நடந்தது வேறு. நம் நாட்டில் வாணிபச் சாகுபடிக்கு 2002-இல் அனுமதி பெற்றது புழுவை எதிர்க்கும் பி.டி. பருத்தி. புழுவோடு கிளைபோசேட்டையும் தாங்கும் பருத்திக்கு மகிகோ கம்பெனி அனுமதி கோரியிருந்தது; 2016-இல் அவ்விண்ணப்பம் திரும்பப் பெறப்பட்டது. ஆயினும் அத்தகைய பருத்தி விதை மறைமுகமாகப் பல மாநிலங்களில் பரவியது. 2019-இல் மகாராஷ்டிரத்தின் அகோலா மாவட்டத்தில் உழவர் சங்கத்தினர் அதனைப் பகிரங்கமாகவே விதைத்து அரசாங்கத்துக்குச் சவால் விட்டனர். களையெடுப்புக் கூலி தாங்க முடியாத உழவனின் நெருக்கடி இதில் தெரிகிறது. சட்டம் ஒதுக்கிய விதையை வாங்கியவனுக்கு இரசீது இல்லை. பொய்த்துப் போனால் வழக்கிட உரிமையில்லை என்பதும் தெரிகிறது.

களைக்கொல்லியைத் தாங்கும் பயிரெல்லாம் வேற்று மரபணு புகுத்தப்பட்டது என்று எண்ணலாகாது. நாகினா 22 என்ற நெல்லின் விதைகளை இரசாயனத்தில் ஊற வைத்து, அவற்றில் தோன்றிய மாற்றங்களுள் இமாசிதாபிர் என்னும் களைக்கொல்லியைத் தாங்கும் ஒன்றைக் கோயம்புத்தூர்த் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்து நெல் ஆராய்ச்சியாளர் எஸ். ராபின் தெரிந்தெடுத்தார். அவர் பெயராலேயே அந்நெல் வழங்குகிறது. அதனுடன் கலந்து டில்லி வேளாண்மை ஆராய்ச்சிக் கழகம் இரு பாசுமதி வகைகளை ஆக்கியது. நாற்று நடாமல் நேரே விதைக்கும் வயலில் களை மிகுதி. அங்கே இவை பயன்படும் என்பது கருத்து. இங்கே புகுத்திய மரபணு இல்லை; நெல்லின் சொந்த மரபணுவில் நேர்ந்த சிறு மாற்றமே உள்ளது. ஆகவே சட்டத்தின் கண்ணில் இது வேறு. களையின் கண்ணில் இரண்டும் ஒன்றே.

களையின் கண் என்றது வேடிக்கைக்காக அன்று. ஒரே நஞ்சை ஆண்டுதோறும் ஒரே நிலத்தில் பொழிந்தால், கோடியில் ஒன்றாகத் தப்பிய செடியே விதை சிந்தி நாளை வயலை ஆளும். கிளைபோசேட்டுக்கு அசையாத ரைப்புல் 1996-இல் ஆஸ்திரேலியாவில் காணப்பட்டது. அடுத்த ஆண்டே மலேசியாவில், நம் கேழ்வரகுக்கு நெருங்கிய உறவான ஒரு காட்டுப்புல் இம்மருந்தைத் தாங்கி நின்றது. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலப் பருத்தி வயல்களில், கீரைக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு களை 2005 முதல் பெருந்தொல்லையாயிற்று. அதனை ஆராய்ந்தபோது, மருந்து முடக்கும் அந்த நொதிக்குரிய மரபணு, சாதாரணச் செடியில் உள்ளதைப் போல நூறு மடங்குக்கும் மேலாகப் பெருகியிருந்தது. பள்ளத்தைக் குறுக்கி மனிதன் செய்ததை, நொதியைப் பெருக்கிக் களை செய்துகொண்டது. பின்னர் அந்நாட்டு உழவர் பழைய, கடுமையான மருந்துகளையும் சேர்த்துத் தெளிக்க நேர்ந்தது. கருவி எவ்வளவு கூரியதாயினும் ஓயாமல் ஒன்றையே வீசினால் மழுங்கும் என்பதே இதன் பாடம்.

இனி மனித நலம். உலகச் சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2015-இல் கிளைபோசேட்டை ‘மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும்’ என்னும் வகுப்பில் சேர்த்தது. அதே ஆண்டில் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு நிறுவனம் அவ்வாறு கருத இடமில்லை என்றது. இவ்விரு முடிவுகளும் முற்றிலும் ஒரே கேள்விக்கு விடை அல்ல. ஒரு பொருளுக்குத் தீங்கு செய்யும் இயல்பு உண்டா என்பது முதற்கேள்வி. வழக்கமான அளவில் அத்தீங்கு நேருமா என்பது இரண்டாம் கேள்வி. ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் இதன் அனுமதியை மேலும் பத்தாண்டுகளுக்கு நீட்டித்தது. எவ்வாறாயினும், புட்டியில் வருவது தூய கிளைபோசேட் அன்று. இலையில் ஒட்டுவதற்கான வேறு பொருள்களும் அதில் கலந்துள்ளன. கலவையைத் தோளில் சுமந்து, நனைந்த உடையுடன் நாள்தோறும் தெளிப்பவனுக்கும், தேநீர்க் கோப்பையில் எஞ்சிய துளியின் துளியைப் பருகுபவனுக்கும் ஆபத்து ஒன்றாகாது.

2019-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கேரளத்தின் திருவல்லாவை அடுத்த நெல் வயலில் பூச்சிமருந்து தெளித்த இரு தொழிலாளர் இறந்தனர். அதனை அடுத்துப் பிப்ரவரி மாதத்தில் மாநில அரசாங்கம் கிளைபோசேட்டின் விற்பனைக்கும் உபயோகத்துக்கும் தடை விதித்தது. காசர்கோட்டு முந்திரித் தோட்டங்களின்மேல் எண்டோசல்பான் வானிலிருந்து தெளிக்கப்பட்டதன் துயரத்தை அறிந்த மாநிலம் அது. ஆயினும் 1968-ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டம், மாநில அரசாங்கங்களுக்குக் குறுகிய காலத் தடை அதிகாரமே தருகிறது. நிலையான முடிவு மத்திய அரசாங்கத்தின் கையில். 2022 அக்டோபரில் மத்திய அரசாங்கம், பயிற்சி பெற்றுப் பதிவு செய்த பூச்சி ஒழிப்பாளர் வழியாக அன்றி கிளைபோசேட்டை எவரும் உபயோகிக்கலாகாது என்று ஆணை பிறப்பித்தது. இலங்கையோ 2015-இல் முற்றாகத் தடை செய்து, 2018-இல் தேயிலை, இரப்பர்த் தோட்டங்களுக்கு மட்டும் அதனைத் தளர்த்தியது. தடை வந்த காலத்தில் புல் வெட்ட ஆளில்லை. மருந்து வந்த காலத்தில் உடல்நலம் பற்றிய ஐயம் தீரவில்லை. மலையகத் தமிழ்த் தொழிலாளர் இவ்விரண்டுக்கும் இடையே நின்றனர்.

இவற்றையெல்லாம் தொகுத்துப் பார்க்கையில் மூன்று செய்திகள் தெளிவாகின்றன. முதலாவது, களைக்கொல்லியையும் அதனைத் தாங்கும் விதையையும் தனித்தனியே மதிப்பிடலாகாது; விதைக்கு அளிக்கும் அனுமதி மருந்துக்கு அளிக்கும் அனுமதியும் ஆகும். இரண்டாவது, களையெடுப்பு என்பது செலவுக் கணக்கில் ஒரு வரி மட்டும் அன்று. நம் கிராமங்களில் பெரும்பாலும் பெண்கள் பெறும் கூலி அது. முதுகு ஒடியும் அவ்வேலையிலிருந்து அவர்களுக்கு விடுதலை வேண்டும் என்பதில் ஐயமில்லை. அவ்விடுதலை வேலையின்மையாக முடியலாகாது என்பதிலும் ஐயமில்லை. மூன்றாவது, எச்சரிக்கை என்பது அதற்குரியவனின் மொழியில் இருக்க வேண்டும். மருந்துப் புட்டியோடு வரும் துண்டுத்தாள், அது விற்கப்படும் வட்டாரத்து மொழியிலும் அச்சிடப்பட வேண்டும் என்பது விதி. சூரியநெல்லி போன்ற எல்லைப்புற ஊர்களில் வட்டாரத்து மொழி என்ற சொல்லுக்கு மலையாளத்தோடு தமிழும் பொருளாக வேண்டும். கையுறை அணிக, காற்றுக்கு எதிரே தெளிக்காதே, வெறும் புட்டியில் நீர் மொள்ளாதே என்னும் மூன்று கட்டளைகளைத் தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்த தொழிலாளிக்குப் பிறமொழியில் தருவது, இருட்டறையில் விளக்கை மூடி வைப்பது போலாகும்.

தேயிலைச் செடியில் இத்தகைய மரபணு மாற்றம் வாணிப அளவில் இன்னும் எங்கும் வரவில்லை. ஆகவே சூரியநெல்லிச் சரிவில் பயிரைக் காப்பது இன்றும் ஒரு மனிதனின் கவனமே. நாளை நெல்லுக்கும் பருத்திக்கும் கடுகுக்கும் அக்கவனத்தை விதையின் உள்ளேயே அடைத்துத் தர விஞ்ஞானம் முன்வரலாம். வரும்போது அதனை வெறுத்து விரட்டவும் வேண்டாம். வியந்து விழுந்து வரவேற்கவும் வேண்டாம். எந்த மருந்தை, எவ்வளவு, எத்தனை ஆண்டு, யார் தோளில் சுமந்து தெளிக்கப் போகிறார் என்று வினவுவோம். விடை திருப்தி அளிப்பின் ஏற்போம், இல்லையேல் காத்திருப்போம்.